சார்ஜ் எடுத்த ஆள்

ஸ்டானிஸ்லாஸ் சங்கத்துக்கு அக்கிராசனராகி இரண்டு நாள் ஆகியிருந்தது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கோலாலம்பூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் அவர் குமாஸ்தா, மலாயா வழக்கில் கிராணி. கவுண்டருக்குப் பின்னால் நின்று, கிள்ளானிலிருந்து வந்த கருவாட்டுக் கூடைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை போட்ட பியூன் ஒருவன் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு வந்து நீளமான கவர் ஒன்றை நீட்டினான். 'அக்கிராசனர், பிரிக்பீல்ட்ஸ் தமிழ் ஊழியர் நேச சங்கம்' என்று அதன்மேல் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. ஆள் பெயர் இல்லை.

"இது எனக்கில்ல. கிரிகரி வீட்டுல கொண்டுபோய்க் குடுங்க."

"அங்க போயிட்டுத்தான் வரேன் கிராணி. அவரு உங்க பேரச் சொல்லி அனுப்புனாரு."

"அவருதான்லா இப்ப பிரசிடென்ட்."

"திங்கக்கெழம சாயந்தரம் நாலு இருபதோட அவரு இல்லையாம். நீங்கதானாம். கையெழுத்துப் போடுங்க, எனக்கு இன்னும் நாலு எடம் போவணும்."

போட்டார். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பதினோரு வருஷத்துப் பழக்கம். ஒரு ஷிப்டில் ஐம்பது இடத்தில் போடுகிற கை, ஐம்பத்தொன்றாவது இடத்தில் மட்டும் நின்று யோசிக்குமா? பியூன் போன பிறகுதான் திங்கட்கிழமை நாலு இருபது என்பது மண்டையில் உறைத்தது.

அன்றைக்கு சிங்கப்பூர் மெயில் புறப்படுகிற நேரம். பன்னிரண்டு கூடை வாத்துகள் கவுண்டரில் கத்திக்கொண்டிருந்தன. ரயில் கார்டு உடுப்பில் கிரிகரி சிரித்துக்கொண்டே வந்து, பார்சல் புத்தகங்களுக்கு நடுவில் இன்னொரு புத்தகத்தை விரித்துவைத்து, எழுதியிருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இங்க ஒண்ணு போடு ஸ்டானி" என்றார். ஸ்டானிஸ்லாஸ் வாத்துகளைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொடுத்தார். அதோடு ஆயிற்று.

இது எப்படி நடக்கும், கூட்டம் போட்டு ஓட்டு எடுக்காமல் ஒருவரை அக்கிராசனர் ஆக்கிவிட முடியுமா என்று வேறு சங்கத்துக்காரர்கள் கேட்கலாம். இந்தச் சங்கத்தின் சட்டத்தை எழுதியவர்கள் ரயில்வேக்காரர்கள். சிக்னல் கேபினில் ஒரு நிமிஷம் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள். அதனால் ஒன்பதாவது ஷரத்தில் இப்படி எழுதிவைத்தார்கள்: அக்கிராசனர் பதவி ஒரு நிமிஷமும் காலியாக இருக்கக் கூடாது. விலகுகிறவர் சார்ஜ் புத்தகத்தில் மணி போட்டு 'சார்ஜ் கொடுத்தேன்' என்று எழுத வேண்டும். அடுத்த ஆள் அதன் கீழே 'சார்ஜ் எடுத்துக்கொண்டேன்' என்று கையெழுத்திட வேண்டும். அந்த நொடியே பதவி கைமாறிவிடும். அக்கிராசனருக்கு அடுத்து முதல் உப அக்கிராசனர், அவருக்கு அடுத்து இரண்டாவது உப அக்கிராசனர், அவருக்கும் அடுத்துச் செயற்குழுவில் வயதில் மூத்தவர். அதற்கு மேல் ஷரத்தில் ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரம் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. அடுத்த ஆளிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்றும் யாரும் எழுதவில்லை. டூட்டிக்கு வருகிறவனிடம் யாராவது சம்மதம் கேட்பார்களா? இந்த ஷரத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரே பெருமை.

ஸ்டானிஸ்லாஸ் இரண்டாவது உப அக்கிராசனர் ஆனதற்கும் ஒரு கதை உண்டு. அந்தப் பதவிக்கு இரண்டு கட்சி கிளம்பிச் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது, யாரோடும் சண்டை இல்லாத ஒரே ஆளாக இவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிடித்துப் போட்டுவிட்டார்கள். மூன்று வருஷத்தில் கூட்டத்தில் அவர் வாய் திறந்தது ஒரே தடவை, ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்பதற்கு.

கவரைப் பிரித்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கிராசனர் அரசாங்க ஆபீஸில் நேரில் ஆஜராகி, சென்ற மாதம் பதினேழாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்தக் கடிதம் எது என்று பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

அது 1931ஆம் வருஷம். ரப்பர் விலை விழுந்து, ஈய விலை விழுந்து, எங்கே பார்த்தாலும் ஆள் குறைப்பு. குறைக்கப்பட்டவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கத்து ஆட்களில் முப்பது பேர் பெயர் பட்டியலில் வந்தபோது, பிள்ளைகுட்டிக்காரர்களையாவது விட்டுவிடுங்கள் என்று சங்கம் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. மரியாதையான கடிதம்தான். கடைசி நிமிஷத்தில் கிரிகரிக்குச் சூடேறி ஒரு வரி சேர்த்துவிட்டார்: 'இதைக் கவனிக்காவிட்டால் எங்கள் ஆட்கள் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள்.' கீழே ஆள் பெயர் போடவில்லை. ஸ்டேஷன் நோட்டீசில் 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று மட்டும் இருக்குமே, அந்த வழக்கத்தில் 'அக்கிராசனர்' என்று மட்டும் போட்டு முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

கடிதத்தை எழுதியது யார் என்று மேலே விசாரிக்கிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்த உடனே அக்கிராசனர் தம்புசாமி டிசம்பரில் வாங்கவேண்டிய ஓய்வை இப்போதே வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். போகும்போது முதல் உப அக்கிராசனர் கிரிகரியிடம் சார்ஜ் கொடுத்தார். கிரிகரி மூன்று நாள் வைத்திருந்து, தெமர்லோ பக்கம் யாரும் போக விரும்பாத ஸ்டேஷனுக்குத் தானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, வாத்துகளுக்கு நடுவில் அதை இறக்கிவைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் சாப்பிடவில்லை. நேராகக் கிரிகரியின் குவாட்டர்ஸுக்குப் போனார். வீட்டுச் சாமானெல்லாம் வெளியே இருந்தது. கிரிகரி முழங்காலால் பெட்டியை அழுத்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

கேள்வி நியாயமாக இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் கவரை எடுத்து நீட்டினார்.

"அந்தக் கடைசி வரி நீங்க எழுதுனது. நான் போய் அதச் சொல்லப்போறேன்."

"சொல்லு. அவங்க எழுதுன ஆளத் தேடல ஸ்டானி. அக்கிராசனரத் தேடுறாங்க. லெட்டர்ல அந்தப் பேருதானே இருக்கு. ஒரு ஆளக் கப்பல்ல ஏத்திக் காட்டுனா மத்தவன்லாம் வாயப் பொத்திக்குவான். எந்த ஆளா இருந்தா அவங்களுக்கு என்ன?" கிரிகரி போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டது. மறுபடி போட்டார், மறுபடி அவிழ்ந்தது. ரயிலை நிறுத்திக் கொடி காட்டுகிற கை அது. இப்போது ஒரு முடிச்சு நிற்கவில்லை. "எனக்கு நாலு பொண்ணு. ஏன் எழுதுனேன்னு தலையில அடிச்சிக்கிறேன். எல்லாம் கைதட்டுனீங்களேப்பா அன்னிக்கு."

ஸ்டானிஸ்லாஸும் அன்றைக்குக் கைதட்டியிருந்தார்.

கிரிகரி உள்ளே போய், சிவப்புத் துணி அட்டை போட்ட சார்ஜ் புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் திணித்தார். "ஷரத்தப் பாரு. ஒனக்கு அடுத்தது செந்தூல் பெரியவரு, இராமலிங்கம். அவருக்கு எழுத்து தெரியாது. நீ எங்க காட்டுறியோ அங்க விரல வைப்பாரு. நாளைக்கே போ." பிறகு முகத்தைப் பார்க்காமல், "என்னய மன்னிச்சிரு" என்றார்.

பிற்பகல் முழுக்க ஸ்டானிஸ்லாஸுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவருடைய பயம் கற்பனைப் பயம் அல்ல. கப்பல் போகிறவர்களின் பெட்டிக்கு 'போர்ட் ஸ்வெட்டன்ஹாம்' என்று சீட்டு ஒட்டுகிறவரே அவர்தான். ஆறு மாதமாக ஒட்டுகிறார். போன மாதம் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு ரயில் வருவதற்குள் பிளாட்பாரத்திலேயே வலி கண்டுவிட்டது. நாலு பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்தார்கள். விரிக்க ஒன்றுமில்லை என்று இவரிடம் வந்து கோணி கேட்டார்கள். கொடுத்தார். குழந்தை அழுத சத்தம் கேட்டது. ரயில் வந்ததும் அந்தப் பெண்ணை அப்படியே தூக்கி ஏற்றினார்கள்.

அவர் மனைவி வெரோனிகாவுக்கு இது எட்டாவது மாதம். அவள் கிள்ளானில் பிறந்தவள். இந்தியாவைப் பார்த்ததில்லை. அங்கே போனால் எந்த ஊரில் இறங்குவது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவருக்கே தெரியாது. அப்பா காலத்தில் விட்டுப்போன ஊர். கடிதப் போக்குவரத்துகூட நின்று பல வருஷம் ஆயிற்று.

வீட்டில் அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். சட்டையைக் கழற்றி மாட்டிய ஐந்து நிமிஷத்தில் கடிதம் அவள் கையில் இருந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க இது?"

எல்லாவற்றையும் சொன்னார். செந்தூல் பெரியவரைப் பற்றிக் கடைசியாகச் சொன்னார், அதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்துக்கொண்டே. அவள் பிடித்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"அப்ப நாளைக்கே போங்க."

"அவரு வயசானவரு வெரோனி. ஒண்ணும் தெரியாதவரு."

"எனக்கு மட்டும் தெரியுமா? நான் கப்பல்லயா பெத்துக்கணும்?" அவள் குரல் உயரவில்லை. பயத்தில் கீழே போய்விட்டது. "அம்மா அடுத்த மாசம் கிள்ளானுக்கு வந்துருன்னு ரூம் கழுவி வச்சிருக்காங்க. போயி அந்த விரல வாங்கிட்டு வாங்க. பாவத்த நான் கோயில்ல சொல்லிக்கிறேன்."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஸ்டானிஸ்லாஸ் செந்தூலுக்கு ரயில் ஏறினார். புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார். மை டப்பா கால்சட்டைப் பையில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவி சும்மா பார்த்ததற்கே வேர்த்துக் கொட்டியது.

ரயில்வே பட்டறைச் சங்கு ஊதி ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். இராமலிங்கம் தன் லயத்து வீட்டு வாசலில் முக்காலிமேல் உட்கார்ந்து, கையில் இருந்த எண்ணெய்க் கறையை மரத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குகிற பிட்டர். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து செயற்குழுவில் இருக்கிறார். கூட்டத்துக்கு முதலில் வந்து பெஞ்சு தூக்கிப் போடுவது அவர்தான்.

"வாங்க தம்பி. மாரியாயி, கிராணி வந்திருக்காரு, கோப்பி போடு."

உள்ளே அவர் மனைவி ஏதோ துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப்பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஸ்டானிஸ்லாஸ் கோப்பிக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். "சங்கத்து ஆளுங்க பட்டியல் சரிபாக்குறோம்ணே. ஒரு வெரல் வேணும்" என்று ரயிலில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். 'சார்ஜ் கொடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் மணியும் முன்பே போட்டிருந்தது. அதன் கீழ் வெறும் இடம்.

இராமலிங்கம் புத்தகத்தின் சிவப்பு அட்டையைப் பார்த்தார். பிறகு ஸ்டானிஸ்லாஸ் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கட்டை விரலை நீட்டினார். முப்பது வருஷம் இரும்பைத் தேய்த்த விரலில் ரேகை இல்லை. முதல் தடவை வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. "இருங்க, நல்லா அமுக்குறேன்" என்று அவரே மறுபடி மையைத் தொட்டு, பக்கத்தில் இன்னொரு தடவை அழுத்தமாக வைத்தார்.

"போதுமா தம்பி?"

"போதும்ணே."

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன். பத்து மணிக்குத்தானே?"

ஸ்டானிஸ்லாஸ் மை காய்வதற்குள் புத்தகத்தை மூடிவிட்டார்.

"எனக்கு எழுதப் படிக்கத்தான் தெரியாது. எண்ணத் தெரியும்லா," என்றார் இராமலிங்கம். விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார், கோபமில்லாமல். "தம்புசாமி போனாரு, ஒண்ணு. கிரிகரி போறாருன்னு பட்டறையில பேசிக்கிட்டாங்க, ரெண்டு. மூணு நீங்க, வெள்ளிக்கெழம பத்து மணிக்குக் கூப்புட்டிருக்காங்கன்னும் பேச்சு. நாலு நான். நீங்க வருவீங்கன்னு நேத்தே மாரியாயிகிட்ட சொன்னேன். வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கு, வராம என்ன செய்வீங்க?"

"அண்ணே..."

"கோப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடிக்காமல் வந்துவிட்டார். ஓடிவந்தார் என்றே சொல்லலாம். ரயிலில் உட்கார்ந்து புத்தகத்தை மறுபடி செய்தித்தாளில் சுற்றினார். பயம் போயிருக்க வேண்டும். புத்தகப்படி அவர் இப்போது யாருமில்லை, வெறும் பார்சல் கிராணி. ஆனால் பயம் அப்படியே இருந்தது. இந்தத் தடவை எதற்குப் பயப்படுகிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

வெரோனிகா விரல் அடையாளத்தைப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடாதவள் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள், அவர் தட்டிலிருந்ததையும் சேர்த்து. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அந்தப் பெரியவருக்கு ஊர்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"பத்தொம்பது வயசுல வந்தவரு. யாரு இருப்பா?"

அவள் அவர் தட்டையும் எடுத்துக் கழுவிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டானிஸ்லாஸ் வேலைக்குத்தான் கிளம்பினார். கிளம்பும்போது சார்ஜ் புத்தகமும் மை டப்பாவும் எப்படிக் கையில் வந்தன என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஸ்டேஷனைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.

அந்த அரசாங்க ஆபீஸின் முன்னால் மழைமரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் மாரியாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாயில் சுருட்டிய படுக்கை, துணி மூட்டை இரண்டு, அடி கரிந்த சோற்றுப் பானை, மூடியோடு ஒரு பித்தளைச் செம்பு. ஸ்டானிஸ்லாஸ் இது போன்ற மூட்டைகளை ஆறு மாதமாகப் பார்த்துவருகிறவர். உள்ளே போகிற ஆளை அப்படியே கப்பலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கிழவனும் கிழவியும் நினைத்திருக்கிறார்கள். தப்பிக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டார்கள்.

"சாவிய பக்கத்து வீட்டுல குடுத்துட்டோம் தம்பி," என்றாள் மாரியாயி, அவர் கேட்காமலே. "கப்பல்ல வாந்தி வருமாமே? எலுமிச்சங்கா வாங்கிட்டு வந்திருக்கேன்."

அவர் பழக்கத்தில் மூட்டைகளை எண்ணினார். பிறகு படியேறி உள்ளே போனார்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் இராமலிங்கம் தனியாக இருந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்கியது. ஸ்டானிஸ்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தார். 'சார்ஜ் கொடுத்தேன்', 'சார்ஜ் எடுத்துக்கொண்டேன்' இரண்டையும் தானே எழுதிமுடித்தார். மை டப்பாவைத் திறந்தார்.

"அண்ணே, வெரலக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் திரும்ப எடுத்துக்கிறேன். எழுதியாச்சு. நீங்க குடுத்தேன்னு வச்சாப் போதும்."

"குடுத்தது குடுத்ததுதான். வேலைக்கு நேரமாச்சு உங்களுக்கு, போங்க." வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வைங்கண்ணே. ஆள் வந்துருவான்."

"கைய விடுங்க தம்பி. யாராச்சும் பாக்கப்போறாங்க."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ராவெல்லாம் வயித்தால போச்சு எனக்கு. பயமா இல்லையான்னு கேக்குறீங்க." கிழவரின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கையை வெளியே எடுக்கவில்லை. சார்ஜ் கொடுப்பதற்காக இரண்டு பெரிய மனிதர்கள் அத்தனை தந்திரம் செய்த சங்கத்தில், இங்கே இரண்டு பேர் அதைத் தராமல் ஒருவர் கையை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக் கதவு திறந்தது. அதே பியூன் தலையை நீட்டினான்.

"யாரு பிரசிடென்ட்?"

இராமலிங்கம் இடது கையை முழங்காலில் ஊன்றினார். அவருக்கு முட்டி வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஸ்டானிஸ்லாஸுக்கு முப்பத்திரண்டு வயது, முட்டி வலி இல்லை. அவ்வளவுதான் நடந்தது. வீரம், தியாகம் என்றெல்லாம் யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். கிழவர் எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். எழுந்த பிறகு நடந்துவிட்டார். கதவு பின்னால் சாத்திக்கொண்டபோதுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

மேசைக்குப் பின்னால் துரை ஒருவர். உட்காரச் சொல்லவில்லை. சங்கத்தின் கடிதம் அவர் முன்னால் இருந்தது. கடைசி வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"நீதான் அக்கிராசனரா?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

புத்தகப்படி அக்கிராசனர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். கதவைத் திறந்து அதைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அந்த நேரத்தை நன்றாக உணர்ந்தார். அது கடந்து போவதையும் உணர்ந்தார்.

"ஆமாம், சார்."

"இந்தக் கடிதத்துக்கு நீ பொறுப்பு?"

"அக்கிராசனர் பொறுப்பு, சார்."

துரை இன்னொரு தாளை எடுத்தார். அது சங்கச் சட்டத்தின் நகல். விரலால் ஒன்பதாவது ஷரத்தைத் தட்டினார். "ஒருவன் போனால் இன்னொருவன் வந்துகொண்டே இருக்கிறான் உங்கள் சங்கத்தில். வேடிக்கையான சட்டம். உனக்கு அடுத்தவன் யார்? அவன் பெயரையும் எழுதிக்கொள்கிறேன்."

"யாரும் இல்லை, சார்."

"நன்றாக யோசித்துச் சொல்."

"எனக்கு அடுத்து யாரும் இல்லை, சார். என்னோடு முடிந்தது." குரல் உடைந்து நடுங்கியது. பொய் சொல்கிறார் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் பயத்தில் நடுங்குகிறவன் குரலும் பொய் சொல்கிறவன் குரலும் துரையின் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்டிருக்க வேண்டும். சட்டத்தின் நகலை மடித்து ஓரமாக வைத்தார்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஸ்டானிஸ்லாஸ் அந்தத் தாளைத் தலைகீழாகப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டார். கப்பல் போகிறவர்கள் பார்சல் கவுண்டரில் காட்டுகிற தாள். பெயர் கேட்டார் துரை. நீளமான பெயர். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"குடும்பத்தில் எத்தனை பேர்?"

"இரண்டு பேர், சார்."

துரை எழுதினார்.

"கப்பல் எப்போது, சார்?"

"அடுத்த மாதக் கடைசியில்."

ஸ்டானிஸ்லாஸ் மனதுக்குள் மாதத்தை எண்ணிப் பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக எண்ணினார்.

"அப்படியானால் மூன்று பேர், சார்," என்றார்.

துரை இரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதினார்.